கைவிடப்பட்டதாக நம்பிய கீதக் கவிஞர் வில்லியம் கூப்பர்

இம்மானுவேலின் இரத்தத்தை வற்றாத ஊற்றாகக் கண்டு பாடும் பழைய ஞானப்பாட்டொன்று தமிழ்த் திருச்சபைகளில் தலைமுறை தலைமுறையாகப் பாடப்பட்டு வருகின்றது. எத்தகைய பாவியும் அந்த ஊற்றுக்குப் புறம்பானவன் அல்லன் என்பதே அதன் சாரம். அதனைப் பாடுவோரில் பலர் அதன் மூல ஆசிரியரை அறியார். ஆங்கிலத்தில் அதனை இயற்றியவர் 18ஆம் நூற்றாண்டுக் கவிஞரான வில்லியம் கூப்பர். அப்பாடலை எழுதிச் சில காலத்துக்குள், அந்த ஊற்று உலகில் ஒரேயொரு மனிதனுக்கு மட்டும் அடைக்கப்பட்டுவிட்டது என்றும், அந்த மனிதன் தாமே என்றும் அவர் நம்பத் தொடங்கினார். 1773இல் அவரைப் பற்றிக்கொண்ட அந்த எண்ணம், 1800இல் அவர் கண்மூடும்வரை முற்றாக அகலவில்லை.

அந்த 27 ஆண்டுகளை அவர் எவ்வாறு வாழ்ந்து கடந்தார் என்பதையே இங்கு நாம் நோக்க விழைகின்றோம். மனச்சோர்வுக்கு ஆளானவனை விசுவாசம் குன்றியவன் என்று எடைபோடும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. கூப்பரின் வரலாறு அவ்வழக்கத்தை மறுபரிசீலனை செய்யுமாறு நம்மை வற்புறுத்துகின்றது.

தாயை இழந்த பிள்ளை

1731ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில், இலண்டனுக்கு வடமேற்கேயுள்ள பேர்க்கம்ஸ்ரெட் என்னும் ஊரில் கூப்பர் பிறந்தார். தந்தையார் ஜோன் கூப்பர் அவ்வூர்த் தேவாலயத்தின் குருவானவர். பிறந்த பிள்ளைகள் எழுவருள் குழந்தைப் பருவம் தாண்டிப் பிழைத்தவர்கள் வில்லியமும் இளையவர் ஜோனும் மாத்திரமே. 1737இல், வில்லியமுக்கு ஆறு வயது நிறையும் தறுவாயில், தாயார் காலமானார். அந்த இழப்பு ஆறவேயில்லை. 53 ஆண்டுகள் கழித்து, 1790இல், உறவினர் ஒருவர் தாயாரின் ஓவியத்தை அனுப்பிவைத்தபோது, அதைப் பெற்றுக்கொண்டு அவர் எழுதிய கவிதை ஆங்கில மொழியின் மிகச் சிறந்த இரங்கற்பாக்களுள் ஒன்றாகக் கொள்ளப்படுகின்றது.

தாயார் மறைந்தபின் விடுதிப் பாடசாலைக்கு அனுப்பப்பட்ட சிறுவன், அங்கு மூத்த மாணவன் ஒருவனின் கொடுமைக்கு ஆளானான். பின்னர் புகழ்பெற்ற வெஸ்ற்மின்ஸ்ரர் பாடசாலையில் கிரேக்கமும் இலத்தீனும் கற்றார். பிற்காலத்தில் வங்காளத்தின் ஆளுநராகிய வாரன் ஹேஸ்ரிங்ஸ் அங்கு அவரோடு பயின்றவர். குடும்பத்தாரின் விருப்பப்படி சட்டம் பயின்று 1754இல் சட்டத்தரணியானார். எனினும் அத்தொழிலில் அவர் மனம் ஒன்றவில்லை. சட்டக் கல்விக்காகத் தனித்து வாழ்ந்த காலத்திலேயே முதலாவது மனச்சோர்வு அவரைத் தாக்கியது. சிறிய தந்தையாரின் மகள் தியோடோராவை அவர் நேசித்தார். தியோடோராவின் தந்தையார் அதற்கு இணங்கவில்லை. இருவரும் இறுதிவரை மணம் செய்யாமலே வாழ்ந்தனர்.

1763ஆம் ஆண்டின் வீழ்ச்சி

1763இல் பிரபுக்கள் சபையின் நடவடிக்கைக் குறிப்பேடுகளுக்குப் பொறுப்பான இலிகிதர் பதவி, உறவினர் ஒருவரின் செல்வாக்கால் கூப்பருக்குக் கிடைக்கவிருந்தது. அந்நியமனத்தை எதிர்த்தோர் இருந்தமையால், சபையின் முன்னிலையில் பகிரங்கமாகத் தம் தகுதியை அவர் நிரூபிக்க வேண்டும் என்றாயிற்று. பலர் முன்னிலையில் நிற்பதை எண்ணவே அஞ்சியவருக்கு இது தாங்கொணாச் சோதனையாகியது. மாதக்கணக்கில் குறிப்பேடுகளைப் புரட்டினார். எதுவும் மனத்தில் பதியவில்லை. நாள் நெருங்க நெருங்க அவர் தம்முயிரை மாய்த்துக்கொள்ள முயன்றார். பரீட்சை நடைபெறவில்லை. பதவியும் கைவிட்டுப் போயிற்று.

அவ்வாண்டு டிசம்பரில், சென் ஓல்பன்ஸ் நகரில் வைத்தியர் நதானியேல் கொற்றன் நடாத்திய மனநோயாளர் இல்லத்தில் அவர் சேர்க்கப்பட்டார். மனநோயாளரைச் சங்கிலியிட்டு, கட்டணம் பெற்று வேடிக்கை காட்டிய காலம் அது. அவ்வகையில் கூப்பர் நல்வாய்ப்புடையவர் எனலாம். கொற்றன் மென்மையும் பக்தியும் உள்ளவர். தாமும் கவிதை எழுதியவர். அவர் நோயாளியோடு பேசினார், பொறுமையோடு காத்திருந்தார். பல மாதங்கள் கழிந்து, 1764 ஜூலையில் ஒரு நாள், சாளரத்தருகே கிடந்த வேதாகமத்தைக் கூப்பர் திறந்தார். றோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் மூன்றாம் அதிகாரம் கண்ணிற் பட்டது. கிறிஸ்துவின் மூலமாகக் கிடைக்கும் மன்னிப்பைப் பற்றிய அவ்வசனத்தை வாசித்த கணத்தில் தம் உள்ளத்தில் ஒளி புகுந்ததாக அவர் பின்னர் எழுதி வைத்தார். 1765 ஜூனில் இல்லத்தை விட்டு வெளியேறியபோது அவர் ஆழ்ந்த விசுவாசி.

இவ்வரிசையை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். கூப்பரின் நோய்க்கு மதமே காரணம் என்று பிற்காலத்தில் பலர் எழுதினர். அவரது முதலிரு வீழ்ச்சிகளும் அவர் மதப்பற்றுக் கொள்வதற்கு முன்னரே நிகழ்ந்தவை. விசுவாசம் பிறந்த இடமே ஒரு மனநோயாளர் இல்லம். வைத்தியரின் பராமரிப்பும் வேத வாசிப்பும் அங்கு ஒன்றுக்கொன்று பகையாக இருக்கவில்லை.

ஓல்னியில் கிடைத்த உறவுகள்

குணமடைந்தவர் ஹன்ரிங்டன் என்னும் ஊரிற் குடியேறினார். கேம்பிரிட்ஜில் இருந்த தம்பிக்கு அருகே இருப்பதே நோக்கம். அங்கு மோர்லி அன்வின் என்னும் குருவானவரின் குடும்பத்தோடு அறிமுகமாகி, அவர்கள் இல்லத்திலேயே தங்கலானார். 1767இல் மோர்லி அன்வின் குதிரையிலிருந்து வீழ்ந்து இறந்தார். அவருடைய மனைவி மேரி அன்வின், வயதிற் சில ஆண்டுகள் மூத்தவர், அன்றிலிருந்து ஏறத்தாழ 30 ஆண்டுகள் கூப்பருக்குத் தாயாகவும் தோழியாகவும் தாதியாகவும் விளங்கினார். ஊராரின் வாய்க்கு அஞ்சி அவரைக் கைவிட அம்மையார் எண்ணியதேயில்லை.

அவ்வேளையிற்றான் ஓல்னி என்னும் சிற்றூரின் உதவிக்குரு ஜோன் நியூற்றன் அவர்களைத் தம் ஊருக்கு அழைத்தார். முன்னாளில் அடிமை வணிகக் கப்பலுக்குத் தலைவராயிருந்து, பின்னர் குருவானவர் அவர். ஓல்னி ஊஸ் நதிக்கரையில் அமைந்த வறிய ஊர். பெண்கள் ரேந்தை பின்னி அரைவயிற்றுக் கஞ்சிக்கு உழைத்தனர். கூப்பரின் வீட்டுக்கும் குருமனைக்கும் நடுவே இன்னொருவருக்குரிய பழத்தோட்டம் இருந்தது. அதனூடாக நடப்பதற்கு ஆண்டுக்கு ஒரு கினி கொடுத்து உரிமை பெற்றார்கள். அவ்வழியாக இரு நண்பர்களும் நாள்தோறும் சந்தித்தனர். சேர்ந்து நோயாளரைத் தரிசித்தனர். ஏழைகளின் பிரார்த்தனைக் கூட்டங்களை நடாத்தினர்.

1770இல் தம்பி ஜோன் இறந்தபோது கூப்பர் மீண்டும் தளரத் தொடங்கினார். அவரை எழுத்தில் ஈடுபடுத்தும் நோக்கமும் கொண்டு, தங்கள் சபைக்காக இருவரும் சேர்ந்து கீதங்கள் எழுதலாம் என்று நியூற்றன் யோசனை கூறினார். 1779இல் வெளிவந்த ஓல்னிக் கீதங்கள் என்னும் தொகுதியில் 348 பாடல்கள் உள்ளன. அவற்றுள் அறுபதுக்கு மேற்பட்டவை கூப்பருடையவை. எஞ்சியவற்றை நியூற்றன் ஒருவரே எழுத நேர்ந்ததன் காரணம், 1773 ஜனவரியில் கூப்பர் எழுதுவதை நிறுத்தியமையே.

இருள் சூழ்ந்த 1773

ஆண்டவரின் செயல்கள் மனித அறிவுக்கு எட்டாதவை என்ற பொருளில் கூப்பர் எழுதிய கீதம் இன்று உலகெங்கும் பாடப்படுகின்றது. இந்த வீழ்ச்சிக்குச் சற்று முன்னர் அவர் எழுதியது அது என்பது மரபுவழிச் செய்தி. அடுத்து வந்த பெப்ரவரியில் ஒரு கனவு கண்டார். அக்கனவிற் கேட்ட வார்த்தை, தாம் என்றென்றைக்குமாக இறைவனாற் தள்ளுண்டவர் என்ற முடிவை அவருள் பதித்துவிட்டது. மேரி அம்மையாரோடு நிச்சயிக்கப்பட்டிருந்த திருமணம் நின்றுபோயிற்று. ஏப்ரலில், ஊர்ச் சந்தையின் இரைச்சல் தாளாமல் நியூற்றனின் குருமனைக்குச் சென்றவர், அங்கிருந்து அசைய மறுத்து, ஓராண்டுக்கு மேலாக அங்கேயே தங்கினார். தம்முயிரைப் பலியிடுமாறு இறைவன் கேட்கிறார் என்ற கொடிய எண்ணமும் அக்காலத்தில் அவரை வாட்டியது; மீண்டும் ஒருமுறை உயிருக்கு ஆபத்து நேர்ந்து காப்பாற்றப்பட்டார்.

நியூற்றனின் குறைகளைச் சுட்டுவோர் உண்டு. கூச்சம் மிகுந்த நண்பரைப் பொது ஊழியத்தில் அளவுக்கு மீறி ஈடுபடுத்தினார் என்பது அவற்றுள் ஒன்று. அதில் உண்மை இருக்கலாம். எனினும் அந்த ஓராண்டில் அவரும் அவருடைய மனைவியும் செய்ததை மறக்கலாகாது. நோயாளியைத் தம் வீட்டில் வைத்துக் காத்தார்கள். வைத்தியர் கொற்றனின் ஆலோசனையை நாடினார்கள். விசுவாசத்தில் தவறியவர் என்று நியூற்றன் அவரைத் தள்ளவில்லை. மெய்யான விசுவாசி ஒருவரைப் பிடித்த நோயென்றே அதைக் கருதினார்.

நோய் பேசிய மொழி

கூப்பரும் நியூற்றனும் ஏற்றிருந்த கோட்பாட்டின்படி, இறைவனால் ஒருமுறை தெரிந்துகொள்ளப்பட்டவன் ஒருபோதும் கைவிடப்படான். கூப்பரின் அவநம்பிக்கை இக்கோட்பாட்டிலிருந்து பிறந்திருக்க முடியாது. அது கோட்பாட்டுக்கே முரணானது. உலகத்தார் அனைவருக்கும் பொருந்தும் விதி தமக்கு மட்டும் பொருந்தாது என்று அவர் வாதிட்டார். நண்பர்கள் எந்த வேதவசனத்தை எடுத்துக் காட்டினாலும், அதை ஏற்று, தம்மை மட்டும் விலக்கி வைத்தார். மனச்சோர்வு அந்தந்த மனிதனுக்கு எது மிக அருமையானதோ அதன் சொற்களை எடுத்துக்கொண்டே பேசும் என்பதை இன்றைய உளமருத்துவம் நன்கறியும். குடும்பத்தை நேசிப்பவனிடம் நீ குடும்பத்துக்குச் சுமை என்று சொல்லும். கடவுளை நேசித்தவரிடம் கடவுள் உன்னை வெறுக்கிறார் என்றது.

அதன்பின் அவர் தேவாலயத்துக்குச் செல்லவில்லை. செபிக்கும் உரிமை தமக்கில்லை என்று கருதினார். இங்கே நாம் வியந்து நோக்க வேண்டியது ஒன்றுண்டு. கடவுள் இல்லை என்றோ, கடவுள் நீதியற்றவர் என்றோ அவர் எழுதவில்லை. தமக்கு மறுக்கப்பட்டதாக அவர் நம்பிய இரக்கத்தை மற்றவர்களுக்கு எடுத்துரைத்துக்கொண்டே இருந்தார். ஓல்னியின் ஏழைகளுக்காகச் செல்வர் ஒருவர் இரகசியமாக அனுப்பிய பணத்தைப் பங்கிட்டளித்தார். உணர்ச்சியின் ஆதரவு சிறிதுமின்றிக் கைக்கொள்ளப்படும் விசுவாசம் எவ்வளவு பாரமானது என்பதை அவர் வாழ்வு காட்டுகின்றது.

முயல்களும் வெள்ளரிக்காய்களும்

1774இல் அவர் மெல்ல எழுந்தபோது அவரை மீட்டவை மிக எளிய பொருள்கள். அயலவர் ஒருவர் முயற்குட்டியொன்றைக் கொடுத்தார். விரைவில் மூன்று முயல்கள் சேர்ந்தன. அவற்றுக்குப் பெயரிட்டு, கூடு செய்து, நோயுற்றபோது பராமரித்தார். தச்சுவேலை பழகினார், சித்திரம் வரைந்தார், வெள்ளரி பயிரிட்டார், செடிகளுக்காகக் கண்ணாடிக் குடில் கட்டினார். ஒருவேளை கவனிக்காவிட்டால் வாடிவிடும் உயிர்கள் தம்மை நம்பியிருக்கின்றன என்ற நினைவு காலையில் அவரைப் படுக்கையிலிருந்து எழுப்பியது. முயல்களைப் பற்றி அவர் 1784இல் எழுதிய கட்டுரை, உயிரினங்களைக் கூர்ந்து நோக்கிய எழுத்துக்கு நல்ல சான்று. அவற்றுள் ஒன்று ஏறத்தாழ 12 ஆண்டுகள் வாழ்ந்தது.

1780ஆம் ஆண்டையொட்டி நியூற்றன் இலண்டனுக்கு மாற்றலாகிச் சென்றார். மேரி அம்மையார் பெரிய கவிதை எழுதும்படி தூண்டினார். 1782இல் முதலாவது கவிதை நூல் வெளிவந்தது. அப்போது கூப்பருக்கு வயது ஐம்பது. அயலில் வந்து தங்கிய ஒஸ்ரின் சீமாட்டி, ஒருநாள் அவர் துயரத்தில் அமிழ்ந்திருந்தபோது, குதிரை கட்டுக்கடங்காமல் ஓடிய ஒரு துணி வணிகரின் வேடிக்கைக் கதையைச் சொன்னார். ஜோன் கில்பின் என்னும் அந்த நகைச்சுவைப் பாட்டு நாடெங்கும் சிரிப்பலையை எழுப்பியது. எழுதப் பொருளில்லை என்று அவர் கூறியபோது, வீட்டிலிருந்த சோபாவைப் பற்றியே எழுதுமாறு அதே சீமாட்டி வேண்டினார். அது வளர்ந்து ஏறத்தாழ ஐயாயிரம் அடிகள் கொண்ட பணி என்னும் காவியமாகி 1785இல் வெளிவந்தது. வயலும் பனியும் அடுப்பங்கரையும் அதிற் பாடுபொருளாயின. அடிமை வணிகத்தையும் அது கண்டித்தது. பின்னாளில் நாவலாசிரியை ஜேன் ஒஸ்ரின் பெரிதும் விரும்பிப் படித்த கவிஞர் இவரே.

1788இல் அடிமை வணிக எதிர்ப்பாளர்கள் வேண்டிக்கொண்டதற்கிணங்க, அடிமைப்படுத்தப்பட்ட ஆபிரிக்கன் பேசுவதாக அவர் எழுதிய முறையீட்டுக் கவிதை ஆயிரக்கணக்கில் அச்சிட்டுப் பரப்பப்பட்டது. தம் ஆன்மாவுக்கு விடுதலை இல்லை என்று நம்பியவர், பிறருடைய உடலின் விடுதலைக்காக எழுதினார். பிரித்தானியா அவ்வணிகத்தை ஒழித்த 1807ஆம் ஆண்டைக் காண அவர் உயிரோடு இருக்கவில்லை.

வளர்ந்த நிழல்

தியோடோராவின் தமக்கை ஹெஸ்கெத் சீமாட்டியின் உதவியால் 1786இல் கூப்பரும் மேரி அம்மையாரும் அயலூரான வெஸ்ரன் அண்டர்வூட்டிற் குடியேறினர். அதே மாதத்தில் அம்மையாரின் மகன் வில்லியம் அன்வின் இறந்தார். 1787இன் முற்பாதி முழுவதும் கூப்பர் மீண்டும் நோயிற் கிடந்தார். எழுந்ததும் ஹோமரின் காவியங்களை மொழிபெயர்க்கும் பெரும்பணியைத் தொடர்ந்து, 1791இல் வெளியிட்டார்.

இக்காலத்தில் ஓல்னிப் பாடசாலை ஆசிரியர் சாமுவேல் ரீடன் என்பவரை அவர் பெரிதும் நம்பியிருந்தார். விழித்தெழும் வேளையில் தம் காதிற் கேட்கும் சொற்களையும் கனவுகளையும் கூப்பர் அவருக்கு எழுதி அனுப்புவார். ரீடன் செபித்து, இறைவனிடமிருந்து கிடைத்ததாகச் சொல்லி விளக்கங்களையும் வாக்குறுதிகளையும் அனுப்புவார். அதற்குக் கைம்மாறாக அவ்வறிய ஆசிரியருக்குப் பணவுதவியும் கிடைத்தது. ரீடன் நல்லெண்ணம் கொண்டவராகவே இருந்திருக்கலாம். ஆயினும் வாக்குறுதி ஒன்று பொய்க்குந்தோறும் கூப்பரின் அவநம்பிக்கை இறுகியது. நோயாளியின் குரல்களுக்கு இறைவனின் பெயரால் விளக்கமளிப்பவன் அக்குரல்களுக்கே வலுவூட்டுகின்றான் என்பதற்கு இது வருந்தத்தக்க உதாரணம்.

1791ஆம் ஆண்டு டிசம்பரிலும் 1792இலும் மேரி அம்மையாரைப் பாரிசவாதம் தாக்கியது. தம்மைத் தாங்கிய கைகள் செயலிழந்ததைக் கூப்பர் கண்டார். இப்போது அவர் தாதியானார். 1793இல் அம்மையாரை விளித்து அவர் எழுதிய கவிதையின் எளிமை இன்றும் நெஞ்சை உருக்குவது. 1794இல் மன்னர் ஆண்டுக்கு 300 பவுண் ஓய்வூதியம் வழங்கியபோது, அதை உணர்ந்து மகிழும் நிலையில் அவர் இருக்கவில்லை. 1795இல் தாய்வழி உறவினரான இளங்குரு ஜோன் ஜோன்சன் இருவரையும் நோர்போக் பகுதிக்கு அழைத்துச் சென்றார். 1796 டிசம்பரில், ஈஸ்ற் டெரெம் என்னும் ஊரில், மேரி அம்மையார் காலமானார்.

ஜோன்சன் வாதம் செய்து அவரை மாற்ற முயலவில்லை. ஹோமர் மொழிபெயர்ப்பைத் திருத்தும் வேலையைத் தந்திரமாக அவர்முன் வைத்தார். அவ்வேலை 1799 மார்ச்சில் முடிந்தது. அதே மாதத்தில் கூப்பர் தம் இறுதிப் பெருங்கவிதையை எழுதினார். அன்சன் என்னும் கடற்படைத் தளபதியின் பயண நூலில், புயலில் கப்பலிலிருந்து கடலில் வீழ்ந்த மாலுமி ஒருவனைக் காப்பாற்ற முடியாமற் கப்பல் விலகிச் சென்ற செய்தி வருகின்றது. அந்த மாலுமியிற் கூப்பர் தம்மையே கண்டார். ஆறுதல் எதுவும் அக்கவிதையில் இல்லை. ஆனால் எதுகையும் சந்தமும் சிறிதும் பிசகவில்லை. மூழ்குவதாகச் சொன்னவரின் கை கடைசிவரை எழுதிக்கொண்டிருந்தது.

1800ஆம் ஆண்டு ஏப்ரல் 25ஆம் திகதி, தம் 68ஆவது வயதில், ஈஸ்ற் டெரெமில் அவர் மறைந்தார். உயிர் பிரிந்தபின் அவருடைய முகத்தில் அமைதியோடு ஒருவித வியப்பும் தோன்றியதாக ஜோன்சன் எழுதியிருக்கின்றார். அதைக்கொண்டு எதையும் நிரூபிக்க இயலாது. நேசித்தவர் ஒருவர் கண்ட காட்சி என்ற அளவில் அதனை நாம் மதிக்கலாம்.

நாம் கற்கத்தக்கவை

கூப்பரின் வரலாற்றை வெற்றிக்கதையாக்க நாம் விரும்பவில்லை. அவர் குணமடைந்து சாட்சி கூறவில்லை. விசுவாசம் அவர் நோயை மாற்றவில்லை. நோயும் அவரிடமிருந்து விசுவாசத்தின் பொருளை முற்றாகப் பறித்துவிடவில்லை. இரண்டும் ஒரே நெஞ்சில் 27 ஆண்டுகள் குடியிருந்தன. அவர் இயற்றிய கீதங்களால் எண்ணற்றோர் தேற்றப்பட்டார்கள் என்பது உண்மை. அவரைத் தேற்ற அவை போதவில்லை என்பதும் உண்மை.

அவர் 68 வயதுவரை வாழ்ந்தமைக்கு மனிதர்களே கருவியாயினர். பொறுமையுள்ள வைத்தியர் ஒருவர், கதவைத் திறந்து வைத்த குரு ஒருவர், விட்டகலாத பெண் ஒருவர், கதை சொல்லிய சீமாட்டி ஒருவர், வேலையைக் கையிற் கொடுத்த உறவினர் ஒருவர். இவர்களுள் எவரும் அவருடைய நம்பிக்கையின்மையைக் குற்றமாக்கவில்லை. அவர் செபிக்க இயலாதிருந்த ஆண்டுகளில் அவருக்காகத் தாங்கள் செபித்தார்கள். உணவு வேளைகளில் அவரைத் தனியே விடாமற் பார்த்துக்கொண்டார்கள்.

போரையும் பிரிவையும் சுமந்து அந்நிய நாடுகளில் வாழும் நம்மவரிடையே உறக்கமின்றி, பேச்சின்றி, எதிலும் பற்றின்றி ஒடுங்கியிருப்போரை நாம் அறிவோம். கூப்பரின் காலத்தில் இல்லாத மருந்துகளும் உளவளத்துணையும் இன்றுண்டு. வைத்தியரிடம் செல்வது விசுவாசத்துக்கு இழுக்கன்று. வாழ்வை முடித்துக்கொள்ளும் எண்ணம் ஒருவருக்கு எழுமாயின், அவரைத் தனியே விடாது அன்றே வைத்தியசாலைக்கு அழைத்துச் செல்வது அயலவர் கடமை. ஞாயிறு ஆராதனையில் கூப்பரின் கீதத்தைப் பாடுகின்ற சபைகள், அதைப் பாட வாயெழாமல் கடைசி வாங்கில் அமர்ந்திருப்பவரையும், வீட்டைவிட்டு வெளிவராதிருப்பவரையும் அடுத்த நாளே சென்று பார்க்கட்டும். அந்தக் கீதத்தை எழுதியவரும் அத்தகையோருள் ஒருவரே.